எலும்பு பொறுக்கும், நரம்பு பொறுக்காது

வெளிநாட்டில் இருக்கும் நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. லீவு நாள் காலையில் டிபனை முடித்துவிட்டு ஊருக்கு போன் போடுவோம். முதலில் சாப்பாடு, அப்புறம் மழை, அப்புறம் உடம்பு.

"கழுத்து வலின்னீங்களே, இப்ப எப்படி இருக்கு?"

"பரவாயில்லப்பா, குறைஞ்சிருக்கு."

"அப்பாடா. உடம்பைப் பாத்துக்குங்க."

அவ்வளவுதான், அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம். அந்தக் கேள்வியே தப்பு, அந்தப் பதிலைக் கேட்டு நிம்மதியாவது அதைவிடப் பெரிய தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. சொந்தக் கதை, கொஞ்சம் நீளமான கதை. பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது பயன்படலாம்.

எனக்கு ஊர் புத்தூர். இங்கே மஸ்கட்டில் யாரிடம் சொன்னாலும் "எந்தப் புத்தூர்? ஸ்ரீவில்லிபுத்தூரா, திருச்சியா?" என்று கேட்பார்கள். திருப்பதி பக்கம் என்றதும் முகம் மலரும். "ஓ, கட்டு போடுற புத்தூரா!" ஆமாம் சார், அதேதான். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனபோது ஆந்திராவிலேயே நின்றுவிட்ட ஊர். 2022 வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, சண்டை போட்டால் இரண்டும் :-)

புத்தூர் கட்டு பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாலும் "புத்தூர் எலும்பு முறிவு வைத்தியம்" என்று ஒரு போர்டு இருக்கும். மூலம் எங்கள் ஊர்தான். ராஜூ குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். 1881-ல் ஆரம்பித்தது என்று சொல்வார்கள். பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் பத்தை வைத்து, துணியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். எனக்கே பத்து வயசில் புளியமரத்திலிருந்து விழுந்து முன்கை உடைந்து, அங்கேதான் கட்டினார்கள். அந்தக் கையால்தான் இதை டைப் அடிக்கிறேன். அதனால் கட்டைக் கேலி செய்ய வந்தவன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கட்டு ஏன் பலிக்கிறது? எலும்புக்கு இயற்கையாகவே ஒரு குணம் உண்டு. உடைந்த இரண்டு முனையையும் நேராகச் சேர்த்து அசையாமல் வைத்தால், ஆறு, எட்டு வாரத்தில் தானாகவே கூடிவிடும். குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். மாவுக்கட்டு ஆனாலும் மூங்கில் கட்டு ஆனாலும் வேலை ஒன்றுதான்: அசையாமல் பிடித்துக்கொள்வது. (சதையைக் கிழித்து எலும்பு வெளியே வந்தது, மூட்டுக்குள் உடைந்தது, விரல் மரத்துப்போனது என்றால் கதை வேறு. அதற்கு நேரே ஆஸ்பத்திரிதான்.)

எலும்பு நல்ல மனசுக்காரன். ரெண்டு நாள் தாமதித்துப் போனாலும் பெரும்பாலும் மன்னித்துவிடும். எங்கள் ஊர்க்காரர்கள் மனசில் இது ஊறிப்போய்விட்டது. "கட்டு, ஓய்வு எடு, பத்தியம் இரு, நாள் போனால் சரியாகும்." கழுத்து நரம்பு விஷயத்திலும் இதையே நம்பினோம். அங்கேதான் மோசம் போனோம்.

அக்கா வீட்டுக்காரர், நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர். வயசு ஐம்பத்தைந்து. வீட்டிலேயே ரெண்டு விசைத்தறி. நகரி, புத்தூர் பக்கம் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். மிஷின் ஓடுகிறதே, மனுஷனுக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, திரும்ப ஓட்ட வேண்டும். நாள் பூராவும் குனிந்த கழுத்துதான்.

ஒரு தீபாவளி முடிந்த கையோடு மாமாவுக்கு வலி ஆரம்பித்தது. கழுத்தில் கிளம்பி, தோளில் இறங்கி, வலது கையில் நடுவிரல் வரை மின்சாரம் மாதிரி ஓடும். நரம்பு வலி என்றால் என்ன என்று அனுபவித்தவர்களுக்குத்தான் புரியும். சாதாரண வலி மாத்திரை அதற்குப் பாச்சா காட்டாது. படுத்தால் கூடும். ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே விடியவைத்தார்.

இதில் ஒரு வேடிக்கை. மாமா எப்போது பார்த்தாலும் வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்காவுக்குக் கோபம் வரும். "வீட்டு ஆம்பிளை தலைல கை வச்சிக்கினு உக்காந்தா வீடு விளங்குமா? எடுங்க கையை!" பாவம், அவர் எடுத்துவிடுவார். வலி திரும்ப வரும். பிற்பாடுதான் டாக்டர் சொல்லித் தெரிந்தது. கையைத் தலைமேல் வைத்தால் கழுத்தில் நசுங்கும் நரம்புக்கு இழுவிசை குறையும், வலி தணியும். அதுவே ஒரு அடையாளமாம். நாங்கள் அதை அபசகுனம் என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

வைத்தியம் நடக்காமல் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கழுத்துப் பட்டை வாங்கினார்கள். எண்ணெய் தேய்த்தார்கள். உள்ளூர் டாக்டர் ஊசி போட்டு "ஸ்பாண்டிலைடிஸ், வயசானா வரும்" என்றார். ஊரில் கட்டு போடும் பெரியவர் ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எலும்பு சமாசாரம் இல்ல, நரம்பு. நான் தொடமாட்டேன், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிவிட்டார். முதல் முதலில் சரியாகச் சொன்ன மனுஷன் அவர்தான். நாங்கள் கேட்டோமா? சொந்தக்காரர் ஒருத்தர் பேச்சைக் கேட்டு, கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கிற இன்னொருவரிடம் போனார்கள். நல்ல வேளை, அங்கே பெரிதாக விபரீதம் எதுவும் நடக்கவில்லை. நடந்திருக்கலாம். உள்ளே நசுங்கியிருக்கும் கழுத்தை வேகமாகத் திருப்பினால் ஒரே நிமிஷத்தில் கை கால் போய்விடும் ஆபத்து உண்டு.

நான் என்ன செய்தேன்? பணம் அனுப்பினேன். நல்ல தலையணை வாங்கச் சொன்னேன். யூடியூபில் பார்த்த உடற்பயிற்சியை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டேன்.

பொங்கலுக்குப் பிறகு வலி குறைந்தது. அக்கா போனில் சொன்னபோது திருப்பதிக்கு வேண்டிக்கொண்டது பலித்தது என்று நினைத்தேன். மாசி, பங்குனி, சித்திரை, எல்லா வாரமும் அதே கேள்வி, அதே பதில். "வலி இல்லடா தம்பி, நல்லா இருக்கார்."

ஆடிக் கிருத்திகைக்கு லீவில் போனேன். மாமா வருஷா வருஷம் திருத்தணிக்குக் காவடி எடுப்பவர். அந்த வருஷம் காவடியை மகன் தூக்கினான். படி ஏறினோம். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "என்ன மாமா?" "ஒண்ணுமில்ல மாப்ள, கால் தரையில பாவ மாட்டேங்குது. பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு."

வீட்டுக்கு வந்து உட்காரவைத்துக் கேட்டேன். ஒவ்வொன்றாக வந்தது. சட்டைப் பட்டன் போடுவது நாலு மாசமாக அக்காதான். டம்ளர் கை நழுவுகிறது. நடக்கையில் செருப்பு கழன்று போகிறது, போனதே தெரிவதில்லை. ஒன்றுக்கு வந்தால் அடக்க முடியவில்லை. அறுந்த இழைக்கு முடிச்சுப் போட முடியாமல் ஒரு தறியை நிறுத்திவிட்டு, இன்னொன்றுக்கு ஆள் வைத்திருக்கிறார்.

"இதை ஏன் மாமா போன்ல சொல்லல?"

"நீ கேக்கலியே மாப்ள. வலி எப்படின்னு கேட்ட. வலி இல்லதான்."

இன்றைக்கும் அந்தப் பதில் என்னைக் குத்துகிறது.

சரி, உள்ளே என்ன நடந்தது? டாக்டர் படம் வரைந்து சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். கழுத்தில் ஏழு எலும்பு. பெரும்பாலும் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மெத்தை மாதிரி டிஸ்க். ஊரில் "ஜவ்வு" என்பார்கள். எலும்புகளுக்குப் பின்னால் ஒரு குழாய். அதற்குள் தண்டுவடம், ஏறக்குறைய சுண்டுவிரல் பருமன். மூளையிலிருந்து கைக்கும் காலுக்கும் போகிற எல்லாக் கட்டளையும் இந்தச் சுண்டுவிரல் பருமனுக்குள்தான் போகிறது. அதிலிருந்து இரண்டு பக்கமும் எட்டு ஜோடி கிளை நரம்புகள் பிரிகின்றன.

ஜவ்வு பிதுங்கிக் கிளை நரம்பை நசுக்கினால் கையில் வலி. எந்த நரம்பு என்பதைப் பொறுத்துக் கட்டைவிரலோ, நடுவிரலோ, சுண்டுவிரலோ மரக்கும். இதில் பெரும்பாலானவர்களுக்கு மருந்து, ஓய்வு, பிசியோதெரபி என்று சில வாரங்களிலோ மாதங்களிலோ, ஆபரேஷன் இல்லாமலே குறைந்துவிடும். இதையும் அழுத்திச் சொல்கிறேன். கழுத்து வலி வந்தவர்கள் எல்லாரும் கத்திக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

ஆனால் நடுவிலிருக்கும் தண்டுவடமே நசுங்கினால்? அங்கேதான் ஏமாற்று. அதற்கு வலி இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சத்தமில்லாமல் கை வேலை கெடும், நடை கெடும், சிறுநீர் கெடும். மாமாவுக்கு இரண்டும் இருந்தது. கிளை நரம்பின் வலி தானாகக் குறைந்தது, தண்டுவடத்தின் நசுக்கம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. நாங்கள் குறைந்ததை மட்டும் கணக்கெடுத்தோம்.

நான் பேங்க்காரன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். வலி வட்டி மாதிரி, ஏறும் இறங்கும். பலம் அசல். வட்டி குறைந்தது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது அசல் கரைந்துகொண்டிருந்தது.

அசல் கரைந்தால் என்ன, திரும்பச் சம்பாதிக்கலாமே? நரம்பில் அது சுலபமில்லை. கை கால்களில் ஓடும் நரம்பிழை செத்தால், அது வளரும் வேகம் ஒரு நாளைக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர். கழுத்திலிருந்து விரல் நுனி வரை எழுபது, எண்பது சென்டிமீட்டர். கணக்கைப் போட்டுப் பாருங்கள், இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் சதை சூம்பிவிடும். தண்டுவடத்துக்குள் இருக்கும் இழைகளோ செத்தால் திரும்ப வளர்வதே இல்லை என்று சொல்லிவிடலாம். நசுங்கி, ஆனால் சாகாமல் இருக்கும் இழைதான் மீளும். அதனால்தான் எத்தனை நாள் நசுங்கிக் கிடந்தது என்பது பெரிய விஷயம்.

எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். இஸ்ரேலில் 42 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளிவந்தது. அறிகுறி ஆரம்பித்ததிலிருந்து தண்டுவட நசுக்கம்தான் என்று கண்டுபிடிக்கச் சராசரியாக இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதில் பலருக்கு முதலில் மணிக்கட்டு நரம்புப் பிரச்னை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். படித்த நாட்டிலேயே அந்தக் கதி.

மாமாவைப் பார்த்த நரம்பு டாக்டர், ஸ்கேனுக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார். நடுவிரல் நகத்தை லேசாகச் சுண்டிவிட்டார், கட்டைவிரல் தானாக மடங்கியது. நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், தள்ளாடினார். பத்து நொடியில் எத்தனை தடவை விரலை முழுசாக மடக்கி நீட்ட முடிகிறது என்று எண்ணினார். நல்ல உடம்புக்காரர்கள் இருபதுக்கு மேல் செய்வார்கள். மாமா பதினொன்று. அப்புறம்தான் எம்ஆர்ஐ. இரண்டு இடத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்தது.

டாக்டர் சொன்னது இதுதான். "ஆபரேஷன் இருக்கறதைக் காப்பாத்தறதுக்கு. போனதுல எவ்வளவு திரும்பும்னு கேரண்டி தர முடியாது. தள்ளிப்போட்டா இன்னும் போகும்." மிதமான, கடுமையான நசுக்கத்துக்கு ஆபரேஷன்தான் என்று 2017-ல் சர்வதேச முதுகெலும்பு டாக்டர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. லேசானதாக இருந்தால் மேற்பார்வையோடு பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் மோசமானால் உடனே ஆபரேஷன்.

அதற்குப் பிறகும் மூன்று வாரம் போனது. ஏன்? குடும்ப மாநாடு! "கழுத்துல கத்தி வச்சா கை கால் விழுந்திடும்" என்றார் பெரியப்பா. "எங்க தெருவுல ஒருத்தருக்கு" என்று ஆரம்பித்தார் சித்தி. அமெரிக்காவில் இருக்கும் தம்பி "செகண்ட் ஒப்பீனியன்" என்றான். இரண்டாவது டாக்டரிடம் கேட்டது நல்லதுதான், அவரும் அதையேதான் சொன்னார். அதன் பிறகும் தம்பி மூன்றாவது, நாலாவது என்று போனான். நானும் சளைத்தவனில்லை. பணம் கட்டுகிறவன் என்ற ஹோதாவில் "கொஞ்சம் யோசிப்போம்" என்றேன். கடைசியில் அக்காதான் முடித்துவைத்தாள். "நீங்கள்லாம் யோசிச்சிக்கினே இருங்க. அவருக்குப் பட்டன் போடறது நான், பாத்ரூமுக்குப் புடிச்சிக்கினு போறது நான். திங்கக்கிழமை அட்மிட் பண்றேன்."

அந்தக் கத்தி பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பயமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆபத்து குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. அதை டாக்டரிடமே நேராகக் கேளுங்கள். ஆனால் இது நேற்று வந்த வைத்தியம் இல்லை. கழுத்தின் முன்பக்கமாகப் போய் ஜவ்வை எடுத்துவிட்டு எலும்பை இணைக்கும் முறையை 1950-களிலேயே அமெரிக்காவில் ஸ்மித், ராபின்சன், கிளவார்ட் என்ற டாக்டர்கள் செய்து எழுதிவிட்டார்கள். நம் பக்கமும் குறைச்சலில்லை. வேலூர் சிஎம்சியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார், இந்தியாவிலேயே முதல் பிரிவு அது. அடுத்த வருஷம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி ஆரம்பித்தார். திருப்பதியிலேயே 1993-லிருந்து ஸ்விம்ஸ் இருக்கிறது. கட்டுக்குப் பேர்போன ஊரைச் சுற்றி நரம்பு வைத்தியமும் இத்தனை வருஷமாக இருக்கிறது. நாம்தான் வாசலுக்குப் போகத் தாமதிக்கிறோம்.

ஆபரேஷன் முடிந்தது. இனிதான் நம்மவர்களுக்குத் தெரியாத பகுதி. ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம்.

முதல் சில நாள் தொண்டை. முன்பக்கமாகப் போவதால் உணவுக்குழாயை ஒதுக்கிப் பிடிப்பார்கள். அதனால் விழுங்கக் கஷ்டம், குரல் கம்மும். பெரும்பாலும் நாட்களில், வாரங்களில் சரியாகும். மாமாவுக்கு இரண்டு வாரம் கஞ்சியும் ரசத்தில் ஊறின இட்லியும்தான். ஆனால் கழுத்து வீங்கி மூச்சு திணறினால் அது வேறு, ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். காய்ச்சல், காயத்தில் நீர் கசிவு, புதிதாகக் கை கால் பலம் குறைவது, இவற்றுக்கும் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

மீள்வதில் ஒரு வரிசை உண்டு. பொதுவாக வலிதான் முதலில் போகும். பலம் மாதக்கணக்கில் வரும். மரத்துப்போனது கடைசியில், வந்தால் வரும். தண்டுவட நசுக்கத்தில் வரக்கூடிய முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் வந்துவிடும். இந்த வரிசை தெரியாததால் நாற்பதாம் நாள் மாமா மனசு உடைந்து போனார். "வெட்டி என்ன பிரயோஜனம்? விரல் அப்படியேதான் இருக்கு." ஆபரேஷன் தோற்றுவிட்டது என்றே நினைத்துவிட்டார். அது தோல்வி இல்லை, நரம்பின் வேகம் அவ்வளவுதான் என்று முன்னாலேயே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அந்த அழுகை மிச்சமாகியிருக்கும்.

பீடியை நிறுத்தவைத்தது இன்னொரு யுத்தம். புகை பிடித்தால் எலும்பு கூடுவது தாமதமாகும், கூடாமலும் போகலாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நரம்பு வலி மாத்திரை தலைசுற்றல் கொடுத்தது. அதையும் தானாக ஒரே நாளில் நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் பந்து அமுக்கச் சொன்னார், பட்டன் போட்டுக் கழற்றச் சொன்னார். மாமாவுக்குப் பந்தில் மனசு போகவில்லை. அக்கா ஒரு நூல் கண்டைக் கொடுத்து, "நாளைக்கு இருபது முடிச்சுப் போடுங்க" என்றாள். முதல் வாரம் நாளுக்கு மூன்று. ஆறாம் மாசம் இருபது வந்தது, மெதுவாகத்தான். சட்டைப் பட்டன் இப்போது தானே போடுகிறார். தடி இல்லாமல் நடக்கிறார். ஆனால் தறிக்குத் திரும்பவில்லை. ஓடும் தறியில் முடிச்சுப் போடும் வேகம் வரவே இல்லை. தார் சுற்றுகிறார், கணக்கு பார்க்கிறார். பொங்கலுக்குப் பிறகு நாங்கள் தொலைத்த அந்த ஆறு மாசத்தின் விலை அது. ஒரு நெசவாளியின் விரல்.

வேலூர் என்றதும் இன்னொருவர் ஞாபகம் வருகிறது. டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளம் டாக்டர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் வந்தது அவர் உழைப்பால். போனது திரும்பாத இடத்திலும் இருப்பதை வைத்து வாழக் கற்றுக்கொடுப்பதும் வைத்தியம்தான் என்று நம் பக்கத்திலேயே ஒருவர் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். நாமோ ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் கட்டுவோம், பிசியோதெரபிக்கு ஐந்நூறு ரூபாய் என்றால் "வீட்டிலேயே பண்ணிக்கலாமே" என்போம்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன், அதாவது வெளிநாட்டில் இருக்கும் நம் விஷயம்.

ஒன்று, கேள்வியை மாற்றுங்கள். வலியைக் கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. அதோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: பட்டன் நீங்களே போடுகிறீர்களா? கையிலிருந்து சாமான் நழுவுகிறதா? செருப்பு கழல்கிறதா, படி இறங்கப் பயமா? குனிந்தால் முதுகில் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கிறதா? ஒன்றுக்கு அடக்க முடிகிறதா? வீடியோ காலில் பத்து நொடி கையை மடக்கி நீட்டச் சொல்லி எண்ணுங்கள். நாலு அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் யாராவது நிற்கட்டும். இது பரிசோதனைக்குப் பதில் இல்லை. ஆனால் குறைவாகத் தெரிந்தால் அந்த வாரமே நரம்பு டாக்டரிடம் போக வேண்டும், அடுத்த பண்டிகைக்குப் பிறகு இல்லை.

இரண்டு, பணம் அனுப்புகிறவன்தான் முடிவெடுப்பவன் என்ற நினைப்பை விடுங்கள். பக்கத்தில் இருந்து பார்க்கிறவர்களின் வார்த்தைக்கு மதிப்புக் கொடுங்கள். என் வீட்டில் சரியாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். கட்டுக்காரப் பெரியவர், என் அக்கா. இருவரும் மாமாவின் கையைத் தொட்டுப் பார்த்தவர்கள்.

மூன்று, லீவு. நாம் எல்லோரும் ஆபரேஷன் அன்றைக்குப் பறந்து போய் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறோம். அன்றைக்கு நாலு பேர் இருப்பார்கள். நாற்பதாம் நாள் யாரும் இருக்கமாட்டார்கள். எனக்கு இன்னொரு தடவை அந்த லீவு கிடைத்தால் ஆபரேஷனுக்குப் போகமாட்டேன். நாற்பதாம் நாள் போவேன். மாமாவோடு உட்கார்ந்து முடிச்சு எண்ணுவேன், அக்காவைப் பத்து நாள் ராத்திரி முழுசாகத் தூங்கவிடுவேன்.

நான்கு, பண விஷயம் முன்கூட்டியே. ஆந்திராவில் 2007-ல் ஆரோக்கியஸ்ரீ என்று வந்த திட்டம் இப்போது டாக்டர் என்டிஆர் வைத்திய சேவா. அந்த அட்டை எந்த ஆஸ்பத்திரியில், எந்த ஆபரேஷனுக்குச் செல்லும் என்று அட்மிட் ஆவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். தனியார் பாலிசி எடுப்பதானால் ஆரோக்கியமாக இருக்கும்போதே எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் வியாதிக்கான காத்திருப்புக் காலத்துக்கு உச்சவரம்பு 4 வருஷமாக இருந்ததை 2024-ல் 3 வருஷமாகக் குறைத்தார்கள். ஆனாலும் 3 வருஷம் என்பது நசுங்கிய தண்டுவடம் காத்திருக்கிற காலம் இல்லை.

கட்டா, ஆஸ்பத்திரியா என்ற சண்டை எனக்கு வேண்டாம். எலும்பா, நரம்பா என்று கேட்டாலே போதும். எலும்பு நமக்காகக் கொஞ்சம் காத்திருக்கும். நரம்பு காத்திருக்காது.

இதைப் படித்து முடித்ததும் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். "வலி இல்லப்பா" என்று சொன்னால் வைத்துவிடாதீர்கள். "சட்டைப் பட்டன் யார் போட்டது?" என்று கேளுங்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்த பேங்க் ஆபீசர். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மருந்து எடுக்கவோ நிறுத்தவோ வேண்டாம். மாமா இதைப் படித்துக் கேட்டுவிட்டு, "என் மானத்தை வாங்கிட்டியே மாப்ள" என்றார். பிறகு, "போடு, நாலு பேர் கை பொழைச்சா சரி" என்றும் சொன்னார். அவர் அனுமதியோடுதான் போட்டிருக்கிறேன்.